கூட வருபவரின் வாழ்க்கை

(ஜெர்மனிக்குப் பணிபுரியச் செல்லவிருக்கும் செவிலியர், பொறியாளர், அவர்களுடைய குடும்பத்தினர் ஆகியோருக்காகக் கோவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விசா வாங்குவது எப்படி, நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்பதை எல்லாம் சொல்ல நான் இங்கே வரவில்லை. 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசு, இந்தியாவின் திறன் பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் விசாக்களை 20,000-இலிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக அறிவித்தது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து வழிகாட்டுவதற்கு ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். விமானம் இறங்கி, பெட்டி பிரித்து, வந்தவருக்கு வேலையும் தொடங்கிவிட்ட பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் பேசுவோர் குறைவு. நான் இன்று அதைப் பேசுகிறேன்.

ஒரு குடும்பம் புதிய நாட்டில் நிலைகொண்டுவிட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், வேலை கிடைத்துப் போனவரைப் பார்க்காதீர்கள். கூடப் போனவரைப் பாருங்கள். வேலைக்குப் போகிறவருக்கு முதல் நாளே ஒரு மேசை, ஓர் அடையாள அட்டை, சேர்ந்து சாப்பிட நாலு பேர், சந்தேகம் கேட்க ஒரு மேலாளர் எல்லாம் கிடைத்துவிடுகிறது. காலையில் எழுந்து போவதற்கு அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. கூட வந்தவருக்கு இருப்பது ஒரு வாடகை வீடும் பூட்டுச் சாவியும். அவர் மனைவியாக இருக்கலாம். செவிலியரை மணந்த கணவனாகவும் இருக்கலாம். நான் மனைவியாகக் கூடப் போனவள். இப்போது டோர்ட்முண்ட் நகரத்தில் புதிதாக வருபவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் இப்படிக் கூட வந்தவர்கள்தான். என்னுடைய கருத்து முழுவதும் அவர்களிடமிருந்து வந்தது.

இதில் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆள் போதவில்லை. 1955-இல் இத்தாலியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்தடுத்துப் பல நாடுகள், 1961-இல் துருக்கி. வந்தவர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் விருந்தினர்த் தொழிலாளர். துருக்கி ஒப்பந்தத்தில் தொடக்கத்தில் இரண்டாண்டு வரம்பு இருந்தது. இரண்டாண்டு உழை, ஊருக்குத் திரும்பு, உன் இடத்தில் வேறொருவன் வருவான் என்பது திட்டம். வேலை கற்றுக்கொண்டவனைத் திருப்பி அனுப்பிவிட்டுப் புதியவனுக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது நட்டம் என்று முதலாளிகளே சொன்னதால் 1964-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். 1973 நவம்பரில் ஆள் எடுப்பதே நின்றது. அதுவரை வந்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர். அவர்களில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் திரும்பிப் போனார்கள். மீதிப் பேர் தங்கினார்கள். போய்விட்டால் மறுபடி வர முடியாது என்ற நிலை வந்ததும், ஊரிலிருந்த மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள்.

அப்படி வந்த அந்தப் பெண்களை எண்ணிப் பாருங்கள். கணவனுக்குச் சுரங்கத்திலோ ஆலையிலோ வேலைக்கு வேண்டிய பத்து இருபது சொற்கள் தெரியும். மனைவிக்கு அதுவும் தெரியாது. அரசு சொல்லிக்கொடுக்கவில்லை, ஏனென்றால் இவர்கள் திரும்பிப் போகிறவர்கள் என்று அரசு நினைத்தது. அவர்களும் கற்கவில்லை, ஏனென்றால் தாங்கள் திரும்பிப் போகிறவர்கள் என்று அவர்களும் நினைத்தார்கள். புதிதாக வருபவர்களுக்கான மொழி வகுப்பை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது எப்போது தெரியுமா? 2005-இல். முதல் ஒப்பந்தத்துக்கு ஐம்பது ஆண்டு கழித்து. அந்த ஐம்பது ஆண்டில் மருத்துவரிடம் தன் வலியைத் தானே சொல்ல முடியாமல், பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைப் பிள்ளையே படித்துச் சொல்லக் கேட்டு, ஒரு தலைமுறைப் பெண்கள் முதுமையடைந்துவிட்டார்கள். டோர்ட்முண்ட் இருக்கும் எங்கள் ரூர் தொழில் வட்டாரத்தில் அவர்களை இன்றும் பார்க்கலாம்.

நம்மிடமும் இந்தப் பேச்சு இருக்கிறது. "இரண்டு மூன்று வருஷம் இருந்து சம்பாதித்துவிட்டு வந்துவிடுவோம்." இதைச் சொல்லாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. சொல்வதில் தவறில்லை, ஊர்ப்பாசம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பேச்சு கூட வந்தவரின் நாட்களைத் தின்றுவிடுகிறது. இரண்டு வருஷம்தானே, எதற்கு மொழி. இரண்டு வருஷம்தானே, எதற்கு வேலை தேட. இரண்டு வருஷம்தானே, எதற்கு அக்கம்பக்கத்தில் பழக. பிறகு ஒரு குழந்தை பிறக்கும், நிரந்தரத் தங்கும் உரிமை வரும், அங்கேயே ஒரு வீடு வாங்கும் பேச்சு வரும். திரும்புவதா இருப்பதா என்ற முடிவை எப்போது வேண்டுமானாலும் எடுங்கள். இருக்கிற நாளில் இருப்பவராக இருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொரு கதை நமக்குப் பக்கத்து மாநிலத்தைச் சேர்ந்தது. இங்கே வந்திருக்கும் செவிலியர்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். 1960களில் கேரளத்திலிருந்து இளம்பெண்கள் கத்தோலிக்கத் திருச்சபை வழியாக மேற்கு ஜெர்மனியின் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். செவிலியம் கற்றார்கள், மொழி கற்றார்கள், சம்பாதித்து ஊரில் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தினார்கள். விடுமுறையில் ஊருக்கு வந்து திருமணம் செய்துகொண்டு கணவர்களை அழைத்துப் போனார்கள். அந்தக் கணவர்களில் பலர் படித்தவர்கள், இங்கே நல்ல வேலையில் இருந்தவர்கள். அங்கே வேலை செய்வதற்கான அனுமதிக்கே அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. மனைவி இரவுப் பணி முடித்து வருவாள். கணவன் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பான். ஊரில் அதைச் சொல்லக் கூச்சப்பட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை; வேறு வழியில்லாமல் அதை மட்டுமே செய்ய நேர்ந்ததுதான் துன்பம். இப்போது நம் பெண்கள் அதே மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே மொழிப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறது. அவர்களுடைய கணவர்களுக்கு இன்றைய சட்டம் வேலை செய்யும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைக் கையில் எடுக்க மொழி வேண்டும். செவிலியருக்கு முழு அங்கீகாரம் கிடைக்க மொழியில் பி2 என்ற மேல் இடைநிலைத் தேர்ச்சி வேண்டும் என்பதால் அவள் படித்தே தீருவாள். கணவனைப் படி என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

இங்கேதான் சட்டமே ஒரு பொறியை வைத்திருக்கிறது. நீலஅட்டை எனும் உயர்திறன் பணியாளர் அனுமதி பெற்றுப் போகும் பொறியாளரின் துணைவர், மொழித் தேர்வு எழுதாமலே விசா வாங்கலாம். இது சலுகை. வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சலுகை கிடைத்த வீடுகளில்தான் கூட வந்தவர் மூன்றாண்டு கழித்தும் ரொட்டிக் கடையில் விரலால் சுட்டிக்காட்டி வாங்குகிறார். பொறியாளருக்கும் அலுவலகத்தில் ஆங்கிலம் போதுமானதாக இருக்கும். நிரந்தரத் தங்கும் உரிமைக்கு அடிப்படை மொழியறிவும் 27 மாத வேலையும் போதும், பி1 என்ற இடைநிலைத் தேர்வை முடித்தால் 21 மாதமே போதும் என்று சட்டம் அவருக்கு ஒரு தூண்டுதலையாவது வைத்திருக்கிறது. கூட வந்தவருக்கு அவ்வளவு விரைவான தூண்டுதலும் இல்லை. ஆகவே அதை வீட்டில் உள்ளவர்கள்தான் உண்டாக்க வேண்டும்.

மொழி கற்பதைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் தரங்கம்பாடி நினைவுக்கு வரும். 1706 ஜூலையில் சீகன்பால்கு என்ற இளம் ஜெர்மானியர் அங்கே கப்பலில் வந்து இறங்கினார். அது டேனிஷ் கோட்டை; ஐரோப்பியர்களுக்குள் ஐரோப்பிய மொழி பேசியே காலம் தள்ளியிருக்கலாம். அவர் தமிழ்த் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் அ, ஆ எழுதினார். ஓலைச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். பட்டியல் போட்டார். 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுவிட்டார். 1719-இல் தரங்கம்பாடியிலேயே இறந்தார். அவர் வந்த நோக்கம் மதம். அந்த நோக்கத்தைப் பற்றி உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். படித்த, வளர்ந்த மனிதன் ஒருவன் அயலூரில் குழந்தைகளோடு மணலில் உட்காரக் கூச்சப்படவில்லை என்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். எம்.எஸ்ஸி. படித்த ஒரு பெண்ணுக்கு, "இது என்ன? இது மேசை" என்று சொல்லித் தொடங்குவது எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். என் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். பட்டம் பெற்றவர்கள்தான் அதிகம் கூசுகிறார்கள், அதிகம் மௌனமாக இருக்கிறார்கள். சமையற்கட்டில் வேலை பார்க்கும் பையன் தப்புத் தப்பாகப் பேசி இரண்டே மாதத்தில் முன்னால் போய்விடுகிறான்.

எங்கே படிப்பது? இங்கேயே தொடங்குங்கள். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, கோவையில் கதே மையம் இருக்கிறது. அங்கே போனபின், அரசு நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பு இருக்கிறது: பொதுவாக 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்முறை. குடும்பத்தோடு சேர வந்தவர்கள் பலருக்கு இதில் சேர உரிமை உண்டு. தங்கும் அனுமதி வாங்கப் போகும் அன்றே அலுவலரிடம் கேட்டு அனுமதிச்சீட்டை வாங்கிவிடுங்கள். அவர்களாக எடுத்துக் கொடுக்காமல் போகலாம். அது கிடைக்காதவர்களுக்குப் பெரும்பாலான நகரங்களில் மக்கள் கல்விக்கூடம் இருக்கிறது, ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்பார்கள். நகராட்சி ஆதரவில் நடப்பது. கட்டணம் தனியார் வகுப்பைவிடக் குறைவு. மொழி மட்டுமில்லை, தையல், கணக்குப்பதிவு, மண்பாண்டம் வரை அங்கே கற்கலாம்.

இனி வீட்டு விஷயங்கள் சில. இவை சிறியவை போலத் தோன்றும்.

அங்கே அடுக்கு மாடியில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி எண் எழுதுவது பெரும்பாலும் இல்லை. வாசல் மணியிலும் தபால் பெட்டியிலும் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகும். ஜெர்மனியில் அரசாங்கம் என்பது பெரும்பாலும் கடிதமாகத்தான் வரும்: வரி எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை, வங்கியின் ரகசிய எண், வகுப்பு அனுமதி எல்லாம். நம் பெயர் முறையில் கணவனுக்கு அவன் அப்பா பெயர் குடும்பப் பெயர், மனைவிக்கு அவள் அப்பா பெயர் குடும்பப் பெயர், பிள்ளைக்குத் தன் அப்பா பெயர் குடும்பப் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்! பெட்டியில் ஒன்றை மட்டும் ஒட்டினால் மற்ற இருவருடைய கடிதங்களும் போய்ச் சேரா. இப்படித் தன் காப்பீட்டு அட்டை திரும்பிப் போனதே தெரியாமல் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி வாரக்கணக்கில் அலைந்ததை நான் அறிவேன். குடிபுகுந்த அன்றைக்கே எல்லாப் பெயரையும் ஒட்டுங்கள். வாடகை ஒப்பந்தத்திலும் இருவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கும் அவருக்குத் தனியாக ஒன்று வேண்டும். சட்டப்படி அங்கே குடியிருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு தொடங்கும் உரிமை 2016 முதல் உண்டு.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்று நம் ஆட்களே சொல்லும் சொல் இது. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிச்சீட்டு இல்லாமல் பதிய மாட்டார்கள். படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்றோ அங்குள்ள சுவிசேஷ சபையைச் சேர்ந்தவர் என்றோ எழுதினால், வருமான வரியின் மேல் 8 அல்லது 9 விழுக்காடு திருச்சபை வரி ஒவ்வொரு மாதமும் பிடிப்பார்கள். நம் கிறிஸ்தவச் சகோதரர்கள் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் மனம், தெரிந்து எழுதுங்கள். அதே போல வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம். தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வரி வகுப்பு என்று ஒன்று உண்டு. கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் சம்பாதிக்கும்போது அவரை மூன்றாம் வகுப்பிலும் மற்றவரை ஐந்தாம் வகுப்பிலும் வைத்தால் மாதம் கைக்கு வருவது கூடும். பல குடும்பங்கள் அப்படியே விட்டுவிடுகின்றன. கூட வந்தவர் ஒருநாள் வேலைக்குப் போகும்போது ஐந்தாம் வகுப்பில் அவர் சம்பளத்தில் பிடித்தம் மிக அதிகமாகப் போகும். "இவ்வளவுதான் வருகிறது, இதற்கு எதற்கு வேலைக்குப் போக வேண்டும்?" என்ற பேச்சு வீட்டில் எழும். உண்மையில் ஆண்டு முடிவில் இருவருடைய வரியும் சேர்த்தே கணக்கிடப்படும். மாதக் கணக்கில்தான் அவருடையது சிறிதாகத் தெரிகிறது. ஆனால் குழந்தை பிறந்தபின் தரும் பெற்றோர் உதவித்தொகை அவருடைய கைக்கு வந்த சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். அந்த இழப்பு திரும்பி வராது. அவர் வேலை தேடத் தொடங்கும்போதே இருவரும் நான்காம் வகுப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். ஒரு பெண் வேலைக்குப் போவதும் போகாததும் ஒரு சம்பளச் சீட்டின் எண்ணைப் பார்த்து முடிவாவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

படிப்பைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கணினித் துறை, பொறியியல் என்றால் உங்கள் பட்டத்தைக் கொண்டு வேலை தேடலாம், நிறுவனம் ஏற்றால் போதும். மருத்துவர், செவிலியர், பள்ளி ஆசிரியர் என்றால் அரசின் அங்கீகாரம் கட்டாயம். பி.எட். முடித்த தங்கைகளுக்கு அங்கே கதவு மிகக் குறுகலானது. அங்குள்ள பள்ளி ஆசிரியர் பெரும்பாலும் இரண்டு பாடங்களில் பயிற்சி பெற்றவர். ஒரே பாடம் படித்தவரை இன்னொன்றையும் படித்து வா என்பார்கள். மொழியும் மிக உயர்ந்த நிலையில் வேண்டும். அதைக் கேட்டு உடைந்துபோகாதீர்கள். ஔஸ்பில்டுங் என்று சம்பளத்தோடு கூடிய தொழிற்பயிற்சி இருக்கிறது, இரண்டிலிருந்து மூன்றரை ஆண்டு வரை. வாரத்தில் சில நாள் வேலையிடத்தில், சில நாள் பள்ளியில். முப்பது வயதுக்கு மேல் அதில் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். ஊரில் ஆசிரியையாக இருந்த ஒருவர் மழலையர் காப்பகத்தில் பயிற்சி முடித்து இன்று நிரந்தர வேலையில் இருக்கிறார். "பட்டம் படிச்சிட்டுப் பிள்ளை பாக்கவா போனே?" என்று அவரைக் கேட்ட உறவினர்கள் இங்கே இருந்தார்கள். அப்படிக் கேட்காதீர்கள்.

அந்த மழலையர் காப்பகத்தை கிட்டா என்பார்கள். ஒரு வயது முடிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் இடம் பெறும் சட்ட உரிமை 2013 ஆகஸ்ட் முதல் உண்டு. உரிமை இருக்கிறது, இடம் எளிதில் கிடைப்பதில்லை. பல ஊர்களில் கர்ப்பமாக இருக்கும்போதே பெயர் எழுதிவைக்கிறார்கள். நீங்களும் எழுதிவையுங்கள். குழந்தை அங்கே போனால் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வகுப்புக்குப் போக நேரம் கிடைக்கும். குழந்தைக்கும் பள்ளிக்கு முன்பே மொழி வந்துவிடும். ஆனால் ஒன்று. குழந்தை விரைவில் பேசிவிடுவான். அவனை வீட்டின் மொழிபெயர்ப்பாளனாக ஆக்கிவிடாதீர்கள். எட்டு வயதுப் பையன் ஆசிரியை சொன்னதைத் தன் அம்மாவுக்கு மொழிபெயர்க்கும்போது, தன் மேல் வந்த புகாரை விட்டுவிட்டுத்தான் சொல்வான். அதைவிட முக்கியம், அம்மாவின் நோயை மருத்துவரிடம் சொல்லும் பாரம் ஒரு பிள்ளையின் தலையில் ஏறக் கூடாது.

மருத்துவத்தைத் தொட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வேலை பார்ப்பவரின் பொது மருத்துவக் காப்பீட்டிலேயே வருமானம் இல்லாத துணைவரையும் பிள்ளைகளையும் தனிக்கட்டணம் இல்லாமல் இப்போதைய விதிப்படி சேர்க்கலாம். போனவுடன் பக்கத்தில் ஒரு குடும்ப மருத்துவரைத் தேடிப் பதிந்துகொள்ளுங்கள். நோய் வந்தபின் தேடினால் "புதியவர்களைச் சேர்ப்பதில்லை" என்பார்கள். காய்ச்சல் என்று போனால் ஊசி போட மாட்டார்கள். ஓய்வெடுங்கள், தேநீர் குடியுங்கள் என்று அனுப்புவார்கள். அலட்சியம் என்று எண்ண வேண்டாம். அவர்களுடைய மருத்துவ முறை அது. உயிருக்கு ஆபத்து என்றால் 112, இரவிலும் விடுமுறையிலும் மருத்துவர் தேவைப்பட்டால் 116117. இந்த இரண்டு எண்களும் வீட்டில் இருப்பவர் மனத்தில் இருக்க வேண்டும், வேலைக்குப் போனவர் மனத்தில் இருந்தால் மட்டும் போதாது.

குளிர்காலம் கடினமானது. அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் டிசம்பரில் காலை எட்டரைக்கு விடியும், மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். வேலைக்குப் போகிறவர் இருட்டில் போய் இருட்டில் வருவார். இடையில் இருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பகலைக் கூட வந்தவர் தனியாகக் கழிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். ஞாயிறு ஓய்வு அங்கே அரசியல் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்றது. ஆணி அடிக்கக்கூடக் கூடாது. நம் தெருவின் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த அமைதி முதலில் பயமாக இருக்கும். தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் அழுகை வருவது, ஊருக்கு அழைத்துப் பேசக்கூடப் பிடிக்காமல் போவது எல்லாம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கலாம். இதைச் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் வீட்டில் பெயர் வைக்காதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வெயில் வந்தால், பதினைந்து நிமிடமானாலும், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே போங்கள். குளிருக்குப் பயந்து சன்னலை மூடி வைத்துச் சாம்பார் கொதிக்கவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். தினமும் சன்னல்களை அகலத் திறந்து சில நிமிடம் காற்றாட விடுவது பல வாடகை ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கும். மூன்று மாத அடிப்படை வாடகை வரை முன்பணமாகக் கொடுத்திருப்பீர்கள். அதில் பெரும்பகுதியை இந்தப் பூஞ்சைக்குப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

அந்த நாட்டில் நம்மை எல்லாரும் விரும்பி வரவேற்கிறார்களா என்று ஒரு தம்பி கேட்டார். இல்லை. 2025 பிப்ரவரித் தேர்தலில் குடியேறுபவர்களை எதிர்க்கும் கட்சி 20.8 விழுக்காடு வாக்கு வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தது. பெயரைப் பார்த்தே வீடு இல்லை என்பவர்கள் இருக்கிறார்கள். பேருந்தில் முறைப்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கும் கூட வந்தவர்தான் அதிகம் ஆளாகிறார், பகலில் தெருவிலும் கடையிலும் இருப்பவர் அவர் என்பதால். பதில் சொல்லும் அளவுக்கு மொழி இருந்தால் அந்த நாள் வேறு மாதிரி முடியும். அண்டை வீட்டுக்காரர் ஒருவரைத் தெரிந்திருந்தால் இன்னும் வேறு மாதிரி முடியும். அண்டை வீட்டாரைத் தெரிந்துகொள்ள அங்கே உள்ள வழி சங்கங்கள். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நாடு முழுவதும் ஆறு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. உடற்பயிற்சி, சேர்ந்திசை, தோட்டம், சதுரங்கம், தீயணைப்புத் தொண்டு. ஜெர்மானியர் தெருவில் நின்று பேச மாட்டார்கள். சேர்ந்து ஒரு வேலை செய்தால் பேசுவார்கள். சதுரங்கம் தெரிந்த தமிழ்ப் பையன்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள். நீங்கள் போகும் சின்ன ஊரிலும் ஒரு சதுரங்கச் சங்கம் இருக்க வாய்ப்பு அதிகம்.

நமக்கு முன்னே அங்கே போன நம்மவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனமில்லை. 1980களில் இலங்கையில் வீடு எரிந்து, உறவுகளை இழந்து, கிழக்கு பெர்லின் வழியாக மேற்கே வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள். நமக்கு விசாவும் வேலைக் கடிதமும் இருக்கின்றன. அவர்களுக்கு எதுவும் இல்லை. அகதி விண்ணப்பம் முடிவாகும் வரை ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போகக் கூடாது, வேலை செய்யவும் தடை. பிறகு உணவகச் சமையற்கட்டுகளில் பாத்திரம் கழுவி, கட்டடங்களைத் துப்புரவு செய்து, அந்த இடங்களிலேயே மொழியையும் கற்றார்கள். வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தமிழாலயங்களை நடத்தினார்கள். ஹாம் நகரில் 1989-இல் ஒரு நிலவறையில் தொடங்கிய காமாட்சி அம்பாள் வழிபாடு, 2002-இல் கோபுரம் வைத்த பெருங்கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது. தொழிற்பேட்டை ஓரத்தில் நிற்கும் அந்தக் கோயிலின் தேருக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். தீர்த்தம் அங்கே ஓடும் கப்பல் கால்வாயில். இன்று நீங்கள் எந்த ஜெர்மன் நகரத்தில் இறங்கினாலும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கிறது என்றால் பெரும்பாலும் அவர்களுடைய கடை வழியாகத்தான். நான் போன புதிதில் அப்படியொரு கடையில் ஓர் அம்மா, "இஞ்ச தமிழ்க் கடைக்கு மட்டும் வந்து போகாதையுங்கோ பிள்ளை, பாஷையைப் படியுங்கோ" என்று சொல்லி அனுப்பினார். படிப்பு அதிகம், சம்பளம் அதிகம் என்று அவர்களிடமிருந்து ஒதுங்கி நிற்கும் வழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. அதைக் கண்டு நான் வருந்துகிறேன். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள மக்கள் அவர்கள். போய் வணக்கம் சொல்லுங்கள், கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வாரம் ஒருமுறை அழைக்கும்போது மகனிடம் சம்பளம் ஏறிவிட்டதா என்று கேட்கிறீர்கள், பேரனிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறீர்கள். மருமகளிடம், மருமகனிடம், இந்த வாரம் என்ன கற்றுக்கொண்டாய், யாரைப் புதிதாகச் சந்தித்தாய் என்று கேளுங்கள். அவர்கள் படிப்புக்கு ஆகும் செலவை வீண் என்று சொல்லாதீர்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தில் முதலாண்டு கொஞ்சம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போகவிருக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். விசா வருவதற்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. வேலை கிடைத்தவர் மட்டும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அடுத்த வகுப்பு தொடங்கும்போது இருவர் பெயரையும் எழுதுங்கள். கட்டணம் ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால், கூடப் போகிறவர் பெயரை எழுதுங்கள். வேலை கிடைத்தவருக்கு அங்கே போய்க் கற்க நாலு வழிகள் இருக்கும்.